தொலைவிலிருந்து திறக்கும் சாளரம்

ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். அவள் படிக்கும் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஆற்றல் மிகுந்த கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதில் இயங்குவது லினக்ஸ் என்னும் இயக்குதளம். மாலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடம் பூட்டப்பட்டுவிடும். அவள் வீடோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டில் இருப்பது வேகம் குறைந்த பழைய மடிக்கணிப்பொறி. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய கணக்கு இன்னும் முடியவில்லை.

அவள் தன் மடிக்கணிப்பொறியில் ஒரு வரியைத் தட்டுகிறாள். கடவுச்சொல் கேட்கப்படுகிறது, கொடுக்கிறாள். கரிய திரையில் ஆய்வுக்கூடக் கணிப்பொறி மறுமொழி தருகிறது. இன்னும் ஓரிரு வரிகள். சில நொடிகளில் படங்களும் பட்டிகளும் சாளரங்களும் நிறைந்த ஒரு முழு மேசைத்திரை அவள் கண்முன் விரிகிறது!

இப்போது ஒரு கேள்வி. அந்த மேசைத்திரை எங்கே இருக்கிறது? பூட்டிய அறையில் உள்ள கணிப்பொறியின் திரை இருண்டு கிடக்கிறது. ஒருவேளை அதற்குத் திரையே பொருத்தப்படாமலும் இருக்கலாம். கணக்கைப் போடும் மூளை அங்கே. படத்தைக் காணும் கண் இங்கே. நடுவில் இருப்பது எது?

எளிய கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு விடை காண அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நாம் தட்டும் ஒவ்வொரு கட்டளையின் பொருளும் தானே விளங்கிவிடும். வாருங்கள், தொடக்கத்திலிருந்து காண்போம்.

கணிப்பொறி ஓரிடம், மனிதன் வேறிடம்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள். அமெரிக்காவில் ஹனோவர் என்னும் சிற்றூரிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு தொலைதட்டச்சுப் பொறியை வைத்திருந்தார். அதில் கலப்பெண் கணக்கு ஒன்றைத் தட்டினால், சற்று நேரத்தில் விடை அச்சாகி வந்தது. ஆனால் கணக்கைப் போட்ட இயந்திரம் அந்த அறையில் இல்லை. அது ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், நியூயார்க் நகரில் இருந்தது! கேள்வியும் விடையும் தொலைபேசிக் கம்பி வழியே போய்வந்தன. கூடியிருந்தவர்களுள் நார்பர்ட் வீனரும், பின்னாளில் எனியாக் கணிப்பொறியை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜான் மாக்லியும் அந்தப் பொறியைத் தாமே இயக்கிப் பார்த்தனர்.

இன்று நாம் கணிப்பொறி என்று அழைக்கும் கருவி முழு உருவம் பெறுவதற்கு முன்பே, அதைத் தொலைவிலிருந்து இயக்கும் எண்ணம் பிறந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. இதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் கணிப்பொறி அரிய பொருள், விலை மிக உயர்ந்தது, இடத்தை அடைத்துக்கொள்வது. ஒருவருக்கு ஒன்று என்பதைக் கனவிலும் நினைக்க முடியாது. ஆகவே ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் 'நேரப் பகிர்வு' முறையை இயக்கிக் காட்டினர. ஒரே இயந்திரம் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் மிக விரைவாகத் தாவித் தாவி வேலை செய்தது. ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தமக்கே உரியது போலத் தோன்றியது.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு நடந்தது இன்னும் சுவையானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடக்கேயுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணிப்பொறிக்குள் நுழைய சார்லி கிளைன் என்னும் மாணவர் முயன்றார். 'லாகின்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'எல்' போய்ச் சேர்ந்தது. 'ஓ' போய்ச் சேர்ந்தது. 'ஜி' தட்டியதும் மறுமுனைக் கணிப்பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது! ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் முயற்சி முழுமையாக வெற்றி பெற்றது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியே சென்ற முதல் செய்தி இதுதான். கவனியுங்கள்: அது வாழ்த்தும் அன்று, கடிதமும் அன்று. தொலைவிலுள்ள கணிப்பொறியின் கதவைத் தட்டும் முயற்சி!

எழுத்தும் படமும்

இதுவரை போய்வந்தவை எல்லாம் எழுத்துகளே. எழுத்துகளை அனுப்புவது எளிது. அக்காலத்து முனையத் திரையில் வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் இருக்கும். மொத்தம் 1,920 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்றால், திரை முழுவதையும் 1,920 பைட்டுகளில் அனுப்பிவிடலாம்.

படம் அவ்வாறன்று. 1973ஆம் ஆண்டு ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவான 'ஆல்ட்டோ' கணிப்பொறியின் திரையில் 606க்கு 808 என்ற கணக்கில் புள்ளிகள் இருந்தன. பெருக்கிப் பாருங்கள்: 4,89,648 புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதை மட்டும் சொல்வதற்கே 61,206 பைட்டுகள் தேவை. எழுத்துத் திரையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். வண்ணம் சேர்ந்தால் இது இன்னும் பெருகும்.

எனவே திரையில் சாளரங்களும் சுட்டியும் வந்தபோது ஒரு வசதி கிடைத்தது. ஒரு வசதி பறிபோனது. கணிப்பொறியைக் கண்ணால் பார்த்துப் பழகுவது எளிதாயிற்று. ஆனால் தொலைவிலிருந்து இயக்குவது கடினமாயிற்று. படம் வேண்டுமானால் இயந்திரத்தின் முன்னாலேயே அமர வேண்டும் என்ற நிலை வந்தது. இந்த இழப்பை ஈடு செய்தவர்கள் யார்?

அதீனா திட்டம்

1983ஆம் ஆண்டு மே மாதம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 'அதீனா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் வளாகத்தின் எந்த மூலையில் அமர்ந்தாலும் தங்கள் வேலையைத் தொடர வேண்டும் என்பது அதன் நோக்கம். டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்கள் இயந்திரங்களை வழங்கின. இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. ஒன்றின் திரைக்கு வரைந்த படம் மற்றதன் திரையில் தோன்றாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சாளர முறை தேவைப்பட்டது.

அதே வளாகத்தின் கணிப்பொறி அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஷைஃப்லர் என்பவர் பணியாற்றினார். அதீனா திட்டத்தில் இருந்த ஜிம் கெட்டிஸும் அவரும் சேர்ந்து இந்தப் பணியில் இறங்கினர். அவர்கள் கைக்கு ஒரு தொடக்கம் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'வி' என்றோர் இயக்குதளம் இருந்தது. அதற்காகப் பால் அசென்டே, பிரையன் ரீட் ஆகியோர் எழுதிய சாளர முறைக்கு, ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தான 'டபிள்யூ' பெயராயிற்று. ஷைஃப்லர் அதை எடுத்து மாற்றியமைத்தார். 1984ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தம் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அதை அறிவித்தார். டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எது? அதுவே பெயராயிற்று: எக்ஸ்.

அவர் செய்த மாற்றம் என்ன? ஓர் உவமையால் விளக்கலாம். நீங்கள் வெளியூரிலுள்ள நண்பருக்கு ஒரு கடிதம் போடுகிறீர்கள். அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த கடிதம் எழுதுவீர்கள் என்றால், பத்துச் செய்தி சொல்லப் பல வாரங்கள் ஆகும். பத்துக் கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் போட்டுவிட்டால்? எல்லாம் ஒருசேரப் போய்ச் சேரும். டபிள்யூ பதிலுக்குக் காத்திருக்கும் முறை. எக்ஸ் காத்திராமல் அனுப்பும் முறை. வேகத்தின் இரகசியம் இதில் இருந்தது.

எக்ஸ் விரைவாக வளர்ந்தது. 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன் அடிப்படை விதிகள் இன்றுவரை மாறவில்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆக்கியோர் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம் என்னும் மிக எளிய உரிமத்துடன் வழங்கினர். போட்டி நிறுவனங்கள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டன.

சர்வர் யார்?

எக்ஸைக் கற்கத் தொடங்கும் எவரையும் குழப்பும் இடம் ஒன்று உண்டு. 'சர்வர்' என்றதும் தொலைவிலுள்ள பெரிய கணிப்பொறிதான் நம் நினைவுக்கு வரும். எக்ஸில் இது தலைகீழ். உங்கள் கண்முன் உள்ள திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் ஆளும் நிரலே எக்ஸ் சர்வர். தொலைவில் ஓடும் நிரல்கள் வாடிக்கையாளர்கள்.

நம் ஊர் உணவு விடுதியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். சர்வர் எங்கே நிற்கிறார்? உங்கள் இலைக்கு அருகில்! சமையற்கட்டு உள்ளே எங்கோ இருக்கிறது. அங்கே ஆகும் பண்டத்தை உங்கள் இலையின் உரிய மூலையில் வைப்பவர் சர்வர். நீங்கள் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்றால் அதை உள்ளே போய்ச் சொல்பவரும் அவரே. அதுபோலத் தொலைவிலுள்ள நிரல் "இந்த இடத்தில் ஒரு கோடு போடு, இங்கே இந்த எழுத்தை எழுது" என்று சொல்லி அனுப்புகிறது. எக்ஸ் சர்வர் அதைத் திரையில் பரிமாறுகிறது. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அந்தச் செய்தியை உள்ளே அனுப்புகிறது.

சமையற்கட்டு அடுத்த அறையில் இருந்தாலும், அடுத்த ஊரில் இருந்தாலும் இலைக்கு வேறுபாடு இல்லை. எந்தத் திரைக்குப் பரிமாற வேண்டும் என்ற முகவரி மட்டும் நிரலுக்குத் தெரிய வேண்டும். அந்த முகவரியை 'டிஸ்ப்ளே' என்னும் மாறியில் எழுதி வைப்பார்கள். கணிப்பொறியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு திரையின் எண். முதல் திரைக்கு எண் 0. அடுத்ததற்கு 1. பிணையத்தில் இத்திரைகளுக்கு 6000, 6001 என்று வாயில் எண்கள் உண்டு.

1980களின் இறுதியில் இதைப் பயன்படுத்தி 'எக்ஸ் முனையம்' என்ற கருவிகளும் வந்தன. அவற்றில் எக்ஸ் சர்வரைத் தவிர வேறொன்றும் இராது. கணக்கெல்லாம் தொலைவில், காட்சி மட்டும் இங்கே. இழந்த வசதி மீண்டும் கைக்கு வந்தது.

ஒரு கட்டளைக்குள் நடப்பது என்ன?

1991ஆம் ஆண்டு ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். மறு ஆண்டே எக்ஸ் அதில் ஓடத் தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகங்களில் மட்டும் இருந்த வசதி, வீட்டுக் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது. 1996ஆம் ஆண்டில் கே.டி.இ., 1997ஆம் ஆண்டில் க்னோம் என முழு மேசைத்திரைகளை உருவாக்கும் திட்டங்களும் தொடங்கின.

அந்நாளைய லினக்ஸ் பெரும்பாலும் கரிய திரையில்தான் விழிக்கும். பயனர் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால்தான் மேசைத்திரை வரும். இந்த ஒரு சொல்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். 'ஸ்டார்ட்எக்ஸ்' என்பது 'எக்ஸ்இனிட்' என்ற நிரலை அழைக்கும். எக்ஸ்இனிட் முதலில் எக்ஸ் சர்வரை எழுப்பும். இலை விரிக்கப்பட்டது, பண்டம் இன்னும் வரவில்லை. பிறகு பயனரின் வீட்டு அடைவிலுள்ள ஒரு சிறு கட்டளைத் தொகுப்பைப் படித்து, அதில் உள்ள நிரல்களை ஒவ்வொன்றாகத் தொடங்கும். சாளரங்களுக்குச் சட்டமிட்டு நகர்த்தும் சாளர மேலாளர் வரும், பட்டிகள் வரும், கோப்பு மேலாளர் வரும். இவை எல்லாம் சேர்ந்ததே ஓர் 'அமர்வு'. அத்தொகுப்பின் கடைசி நிரல் முடிந்ததும் எக்ஸ்இனிட் சர்வரையும் நிறுத்திவிடும். அமர்வு முடிந்தது.

இனி நம் மாணவியிடம் திரும்புவோம். அவள் தொலைவிலிருந்து ஆய்வுக்கூடக் கணிப்பொறிக்குள் நுழைந்து 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால் என்ன ஆகும்? மேசைத்திரை வரும் என்று நீங்கள் எண்ணலாம். வராது! ஏன்? எக்ஸ் சர்வர் எழுவது எந்தக் கணிப்பொறியில்? ஆய்வுக்கூடத்தில். அது ஆளும் திரை எது? பூட்டிய அறையிலுள்ள திரை. அந்த இருட்டறையில் மேசைத்திரை ஒளிரும். பார்க்க ஆள் இராது! பல கணிப்பொறிகளில் இதற்கு அனுமதியும் கிடையாது. இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் மட்டுமே சர்வரைத் தொடங்கலாம் என்று மறுத்துவிடும். புதிதாகக் கற்போர் பலர் தடுக்கி விழும் இடம் இது. சர்வர் இலைக்கு அருகில் நிற்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் தடுமாற்றம் வராது.

திறந்து கிடந்த கதவு

இதுவரை வசதியைப் பற்றியே பேசினோம். அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ் பிறந்தபோது பிணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். ஆகவே பூட்டைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. எந்தக் கணிப்பொறியிலிருந்து வரும் நிரலை ஏற்கலாம் என்று 'எக்ஸ்ஹோஸ்ட்' என்ற கட்டளையால் சொல்லலாம். அதன்பின் ஒரு கூட்டல் குறியை மட்டும் இட்டால் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று பொருள். அவசரத்தில் பலரும் அதையே தட்டினர். உள்ளே வந்த நிரல் சாளரம் மட்டுமா திறக்கும்? உங்கள் திரையைப் படம் எடுக்கலாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் ஒட்டுக் கேட்கலாம். கடவுச்சொல்லும் அதில் அடங்கும்!

பின்னர் 128 பிட்டுகள் கொண்ட இரகசிய எண் ஒன்றைக் காட்டினால்தான் அனுமதி என்ற முறை வந்தது. அதற்கு வேடிக்கையாக 'மேஜிக் குக்கி' என்று பெயரிட்டனர். ஆனால் அந்த எண்ணும் கம்பி வழியே வெளிப்படையாகத்தானே போனது? நடுவில் இருந்து கேட்பவன் அதையும் படித்துவிடலாம். தொலைக் கணிப்பொறிக்குள் நுழையப் பயன்பட்ட 'டெல்நெட்' முறையும் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பியது. அஞ்சலட்டையில் பெட்டிச் சாவியின் அச்சை வரைந்து அனுப்புவது போன்றது அது.

1995ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் யாரோ ஒட்டுக் கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினர். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலனென் இதற்கு மாற்றுத் தேடினார். சில மாதங்களிலேயே போகும் செய்தி முழுவதையும் மறைகுறியாக்கும் ஒரு முறையை எழுதி, அவ்வாண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதுவே 'எஸ்.எஸ்.எச்.' எனப்படும் பாதுகாப்பான நுழைவு முறை. அதற்குக் கிடைத்த வாயில் எண் 22. டெல்நெட்டின் எண் 23. கோப்புகளைப் பரிமாறும் எஃப்.டி.பி. முறையின் எண் 21. பழைய இரண்டுக்கும் நடுவே புதியது வந்து அமர்ந்தது. 1999ஆம் ஆண்டில் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் இதன் திறந்த வடிவத்தை வெளியிட்டனர். இன்று லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

எஸ்.எஸ்.எச். எக்ஸுக்கும் ஒரு நன்மை செய்தது. கட்டளையோடு ஒரு சிறுகோடும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்தால், தொலைவிலுள்ள நிரல் தன் படக் கட்டளைகளை அந்த மறைகுறிக் குழாய் வழியாகவே உங்கள் திரைக்கு அனுப்பும். பிணையத்தில் 6000ஆம் வாயிலைத் திறந்து வைக்க வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. 2015ஆம் ஆண்டில் எக்ஸ் சர்வரே அந்த வாயிலை இயல்பாக மூடி வைக்கும்படி மாற்றப்பட்டது.

கோலமும் புகைப்படமும்

இருப்பினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. தொடர்பு அறுந்தால் நிரலும் மடிந்தது. பாதி முடிந்த வேலை பாதியிலேயே போயிற்று. மேலும், நிரல்கள் எக்ஸ் சர்வரிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் இடங்களும் பல. ஒரே வளாகத்துக்குள் இது தெரியாது. வெகு தொலைவு என்றால் ஒவ்வொரு காத்திருப்பும் சேர்ந்து திரை ஊர்ந்து செல்லும்.

இதற்கு வேறொரு விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஆலிவெட்டி ஆய்வகத்திலிருந்து வந்தது. 1998ஆம் ஆண்டில் அங்குள்ளோர் 'வி.என்.சி.' என்னும் முறையை உலகுக்கு இலவசமாக அளித்தனர்.

எக்ஸுக்கும் வி.என்.சி.க்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். மார்கழி மாதத்தில் உங்கள் அத்தை வீட்டு வாசலில் போட்ட கோலம் உங்களுக்கும் வேண்டும். "ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, இப்படி வளைத்து இணை" என்று அவர் சொல்லி அனுப்பினால், உங்கள் வாசலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். இது எக்ஸ் முறை. செய்தி சிறியது, ஆனால் கோலம் போடத் தெரிந்த கை உங்களிடம் இருக்க வேண்டும். அத்தை கோலத்தைப் போட்டு முடித்துப் புகைப்படம் எடுத்து அனுப்பினால்? அது வி.என்.சி. முறை. உங்களுக்குக் கோலம் தெரிய வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

புகைப்படம் பெரிதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட இன்றைய திரையில், புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுகளுக்கு மேல். நொடிக்கு முப்பது படம் என்றால் 18 கோடியைத் தாண்டும்! ஆனால் திரை முழுவதும் ஒவ்வொரு நொடியும் மாறுவதில்லை. ஓரெழுத்துத் தட்டினால் அந்தச் சிறு கட்டம் மட்டுமே மாறுகிறது. மாறிய கட்டத்தை மட்டும், அதையும் சுருக்கி அனுப்பினால் போதும். வி.என்.சி. செய்வது இதுவே.

இதில் லினக்ஸுக்கு உரிய ஒரு நுட்பம் உண்டு. 'எக்ஸ்வி.என்.சி.' என்னும் நிரல் இரட்டை வேடம் பூண்டது. உள்ளே இருக்கும் நிரல்களுக்கு அது ஓர் எக்ஸ் சர்வர். வெளியே இருந்து பார்ப்பவர்க்கு அது வி.என்.சி. சர்வர். அது ஆளும் திரை கண்ணாடியால் ஆனதன்று. நினைவகத்தில் மட்டும் உள்ள கற்பனைத் திரை! நிரல்கள் அதில் வரைகின்றன. அது புகைப்படத்தை உங்களுக்கு அனுப்புகிறது. தொடர்பு அறுந்தாலும் கற்பனைத் திரை அழிவதில்லை. மறுநாள் வந்து சேர்ந்தாலும் நீங்கள் விட்ட இடத்தில் சாளரங்கள் அப்படியே காத்திருக்கும்.

நம் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மேசைத்திரை எங்கே இருக்கிறது? தொலைவிலுள்ள கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கிறது. நாம் காண்பது அதன் நிழல்.

மாணவி செய்தது என்ன?

இப்போது அவள் தட்டிய வரிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, எஸ்.எஸ்.எச். வழியே ஆய்வுக்கூடக் கணிப்பொறிக்குள் நுழைந்தாள். இரண்டாவது, அங்கே வி.என்.சி. சர்வரைத் தொடங்கும் கட்டளையை 1 என்ற திரை எண்ணோடு தட்டினாள். முதல்முறையாதலால் அது ஒரு தனிக் கடவுச்சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டது. வி.என்.சி.யின் வாயில் எண்கள் 5900இல் தொடங்குவதால், 1ஆம் திரைக்கு உரிய வாயில் 5901. மூன்றாவது, தன் வீட்டுக் கணிப்பொறியின் 5901ஆம் வாயிலை அங்குள்ள 5901ஆம் வாயிலோடு எஸ்.எஸ்.எச். குழாயால் இணைத்தாள். நான்காவது, வி.என்.சி. காண்பான் நிரலைத் திறந்து தன் கணிப்பொறியையே முகவரியாகக் கொடுத்தாள். குழாய் மற்றதைப் பார்த்துக்கொண்டது.

மூன்றாவது படி ஏன் என்று சிலர் கேட்பர். நேரே 5901ஆம் வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவிட்டால் என்ன? கூடாது. வி.என்.சி.யின் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கருதும். அதன்பின் போகும் படங்களையும் விசைகளையும் அது மறைப்பதில்லை. ஹெல்சிங்கியில் நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஆகவே சர்வரைத் தன் கணிப்பொறிக்குள் மட்டும் செவிசாய்க்கும்படி தொடங்கி, குழாய் வழியே அணுகுவதே நல்வழக்கம்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குத் தொடர்பு கிடைத்தும் சாம்பல் நிறத்தில் அல்லது கறுப்பாக வெறும் திரை மட்டும் தோன்றும். இயந்திரம் பழுது என்று எண்ணி அஞ்ச வேண்டாம். இலை விரித்தாயிற்று, சமையற்கட்டைத் திறக்கவில்லை, அவ்வளவே! சர்வர் எழுந்துவிட்டது, மேசைத்திரையைத் தொடங்கும் கட்டளை விடுபட்டிருக்கிறது. வி.என்.சி.யின் தொடக்கக் கோப்பில் அந்தக் கட்டளையைச் சேர்த்தால் சரியாகிவிடும். லினக்ஸ் வகைக்கு வகை கோப்பின் பெயரும் இடமும் சற்று மாறலாம், தத்துவம் ஒன்றே. பழைய கணிப்பொறிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய மேசைத்திரைகள் ஏற்றவை.

அடுத்த அத்தியாயம்

எந்த அமைப்பும் என்றும் நிலைத்து நிற்பதில்லை. 2008ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 'வேலண்ட்' என்னும் புதிய முறையைத் தொடங்கினார். இன்றைய நிரல்கள் கோடுகளையும் எழுத்துகளையும் சர்வரிடம் கேட்டு வரைவதில்லை. தாமே முழுப் படத்தையும் வரைந்து கொடுத்துவிடுகின்றன. அவ்வாறெனில் பரிமாறும் சர்வருக்கு வேலை என்ன? வேலண்ட் அந்த இடையாளைக் குறைத்தது. ஒரு நிரல் மற்றொன்றின் விசைகளை ஒட்டுக் கேட்கும் வழியையும் அடைத்தது.

ஆனால் எக்ஸின் பழைய பெருமையான 'தொலைவு தெரியாத் தன்மை' வேலண்டின் அடிப்படை விதிகளில் இல்லை. தொலை அணுகலை மேசைத்திரையே தன் பொறுப்பில் செய்ய வேண்டியதாயிற்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த க்னோம் 46ஆம் பதிப்பில், திரை பொருத்தாத கணிப்பொறியிலும் தொலைவிலிருந்து நுழைந்து புதிய அமர்வைத் தொடங்கும் வசதி சேர்க்கப்பட்டது. கோலத்தைச் சொல்லி அனுப்பும் முறை பின்னுக்குப் போய், புகைப்படம் அனுப்பும் முறை முன்னுக்கு வந்துள்ளது.

1940இல் ஹனோவரில் தொலைதட்டச்சுப் பொறி முன் நின்ற அறிஞருக்கும், இன்று மடிக்கணிப்பொறி முன் அமர்ந்த மாணவிக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: ஆற்றல் ஓரிடத்தில் இருந்தாலும், அதன் பயன் வேறிடத்தில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும். பழைய, வேகம் குறைந்த கணிப்பொறி வைத்திருப்பவரும் பெரிய கணிப்பொறியின் முன் அமர்ந்தவருக்கு ஈடாக வேலை செய்ய முடிவது சிறிய செய்தியன்று. எக்ஸையும் எஸ்.எஸ்.எச்.சையும் வி.என்.சி.யையும் ஆக்கியோர் அவற்றை விலையின்றி வழங்கியதால்தான் அந்த வாய்ப்பு நம் கைவரை வந்தது. ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், யாருக்காகத் திறக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இரண்டு கணிப்பொறிகள் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு இதை ஒருமுறை செய்து பாருங்கள். வெறும் திரை வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். சர்வர் எங்கே நிற்கிறார், சமையற்கட்டு எங்கே இருக்கிறது, இடையிலுள்ள வழி பூட்டப்பட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை உங்களுக்கே கிடைத்துவிடும்.